துளையிட்ட பெட்டிகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த முதல் ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு தேயிலைப் பெட்டியில் வந்தன. 1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்ற சமயம், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட எங்கள் தோட்டத்தில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு தன் ஊருக்குப் புறப்பட்டார். பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்துவந்த என் அப்பாவைத் துரைசானி அழைத்து, தன் பிள்ளைகள் வாசித்து முடித்த புத்தகங்களைக் கொடுத்திருக்கிறார். ஓரங்களில் தகரம் அடித்த பலகைப் பெட்டி அது. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்தது. திறந்தபோது தேயிலைத் தூள் மணத்தது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஆயினும் எங்கள் காம்பராவில் சாமிப் படத்துக்குக் கீழே அதற்கு இடம் கொடுத்தார். கூரை ஒழுகிய இரவுகளில் எங்களை எழுப்புவதற்கு முன்பு அந்தப் பெட்டியைத்தான் நகர்த்தி வைத்தார்.

நான் ஆங்கில ஆசிரியராகி, முப்பத்தேழு ஆண்டுகள் மலையகப் பிள்ளைகளுக்குக் கற்பித்து ஓய்வு பெற்றதற்கு அந்தப் பெட்டியே காரணம். ஆகவே அதிலிருந்த புத்தகங்களைப் பற்றி இங்கே நான் எழுதுவதை, நன்றி மறந்தவன் ஒருவனின் குற்றப்பத்திரிகையாக யாரும் வாசிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நேசித்த புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேசித்ததனால்தான் இதை எழுத இத்தனை காலம் பிடித்தது.

அவற்றுள் ஒன்று, ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டன் எழுதிய, நொடி (Noddy) என்ற பொம்மைச் சிறுவனின் கதை. 1951இல் வெளியான அந்தக் கதையில், கொலிவொக் எனப்படும் கறுப்புப் பொம்மைகள் இருண்ட காட்டுக்குள் நொடியை மறித்து, அவனுடைய காரையும் உடுப்பையும் பறித்துக்கொள்கின்றன. பின்னாளில் வந்த பதிப்புகளில் கொலிவொக்குகளை எடுத்துவிட்டு வேறு குட்டிப் பூதங்களைப் போட்டுவிட்டார்கள். அது என்ன பொம்மை என்று எங்களுக்குத் தெரியாததால் நாங்கள் அதற்குப் பேய்ப் பொம்மை என்று பெயர் வைத்தோம். என் தங்கை மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது மட்டும் ஏன் நம்ம நெறத்துல இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

மற்றொன்று சாம்போ என்ற சிறுவனின் கதை. ஹெலன் பானர்மன் என்ற ஸ்கொட்லாந்துப் பெண் எழுதி 1899இல் லண்டனில் வெளியானது. அவருடைய கணவர் இந்தியாவில் அரசாங்க மருத்துவர். கொடைக்கானலில் விட்டுவந்த தம் பெண் பிள்ளைகளுக்காக, சென்னைக்குத் திரும்பும் ரயில் பயணத்தில் அவர் அதை எழுதியதாகச் சொல்வார்கள். புது உடுப்பும் குடையும் சப்பாத்துமாகக் காட்டுக்குள் போகும் சிறுவனைப் புலிகள் ஒவ்வொன்றாக மறிக்கின்றன. அவன் தன் உயிருக்கு ஈடாக ஒவ்வோர் உடுப்பாகக் கொடுத்துத் தப்புகிறான். பிறகு அந்தப் புலிகள், யார் அழகு என்று தங்களுக்குள் சண்டையிட்டு, ஒன்றன் வாலை ஒன்று கவ்வி மரத்தைச் சுற்றி ஓடி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. அந்த நெய்யில் அவன் அம்மா சுட்டுப்போட்ட அப்பங்களில் 169ஐ அவன் ஒருவனே தின்று தீர்க்கிறான். மா தட்டுப்பாட்டினால் ஆளுக்கு ஒரு ரொட்டி என்று அளந்து தின்ற எழுபதுகளின் லயத்தில், அந்த 169 என்ற எண்ணை நாங்கள் ஒரு மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். சாம்போவை எங்களில் ஒருவனாகவே நினைத்தோம். காட்டில் புலி, வீட்டில் நெய், அம்மாவின் தலையில் கட்டிய துணி என்று எல்லாம் நம் பக்கத்து அடையாளங்களாகவே இருந்தன.

ஆனால் சாம்போ என்பது அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பெயர். தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக வரையப்பட்ட அந்தப் படங்கள், பிற்பாடு அமெரிக்காவில் வந்த மலிவுப் பதிப்புகளில் இன்னும் மோசமாக வரையப்பட்டன. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932லேயே இதைப் பற்றி எழுதினார்: வெள்ளைப் பிள்ளைக்கு இது வேடிக்கை, ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளைக்கோ இன்னும் ஒரு கொடுஞ்சொல் என்பது அவர் சொன்னதன் சாரம். இதையெல்லாம் நான் ஆசிரியனான பிறகுதான் அறிந்தேன். அறிந்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் பையன் என்று நாங்கள் கொண்டாடிய ஒருவனை வைத்து வேறொரு நாட்டில், வேறொரு வகுப்பறையில், ஒரு பிள்ளையைக் கேலி செய்திருக்கிறார்கள். எங்கள் சந்தோஷமும் பொய்யில்லை, அந்தப் பிள்ளையின் கண்ணீரும் பொய்யில்லை.

இந்தக் கதையைப் பொறுத்தமட்டில் ஒரு வழி கிடைத்தது. 1996இல், கதையை அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை இந்தியப் பெயர்களாகவும் படங்களை இந்தியப் படங்களாகவும் மாற்றிய பதிப்பொன்று வந்தது. சிறுவனின் பெயர் பாபாஜி ஆயிற்று. அதே ஆண்டில் ஜூலியஸ் லெஸ்டர், ஜெரி பிங்க்னி என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் அந்தக் கதையைத் தங்கள் மக்களின் பேச்சிலும் சித்திரத்திலும் புதிதாகச் சொன்னார்கள். இரண்டும் கதையைக் கெடுக்கவில்லை. ஏனென்றால் சாம்போ கதையின் குற்றம் அதன் தோலில் இருந்தது. எலும்பு நல்ல எலும்பு: சின்னஞ்சிறு பிள்ளை ஒன்று தன் புத்தியால் பிழைக்கிறது, பெருமையடித்த புலிகள் தாமே அழிகின்றன.

எல்லாக் கதைகளுக்கும் இப்படி வழி கிடைத்துவிடாது என்பதைப் பெட்டியிலிருந்த இன்னொரு புத்தகம்தான் எனக்குக் காட்டியது. அது ரோல்ட் டால் எழுதிய, சார்லி என்ற ஏழைச் சிறுவன் ஒரு சொக்லட் தொழிற்சாலையைப் பார்க்கப் போகும் கதை. அதை முழுதாக வாசித்து முடிக்க எனக்கு மூன்று வருடங்கள் எடுத்தன. வாசித்ததைப் பின்னேரங்களில் லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுவேன். மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கோ காய்க்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோமே தவிர, சொக்லட் ஆறு என்றால் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு எண்ணிப்பார்க்கவும் தெரியாது. முதலாளி வொங்காவை நான் "தொர" என்றே சொன்னேன். அவருடைய தொழிற்சாலையில் வேலை செய்யும் உம்பா லும்பாக்களை "ஆளுக" என்றேன். ஏன் அந்தச் சொற்களைத் தேர்ந்தேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வேறு சொற்கள் எனக்குத் தெரியாது.

என்னிடம் இருந்தது பழைய பதிப்பு. அதில் உம்பா லும்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டின் ஆழத்திலிருந்து வந்த குள்ளமான கறுப்பு மக்கள். அவர்கள் மரத்தின் மேல் குடிசை கட்டிப் புழுக்களைத் தின்று வாழ்ந்ததாகவும், கொக்கோ விதைக்கு ஏங்கியதாகவும், தன்னோடு வந்தால் கூலியாகக் கொக்கோ விதையே தருவதாகச் சொல்லி அந்தக் கூட்டம் முழுவதையும் கூட்டிவந்ததாகவும் வொங்கா பெருமையோடு சொல்கிறார். துளையிட்ட பெரிய பெட்டிகளில் அடைத்து ஆண், பெண், பிள்ளை என எல்லாரையும் கப்பலேற்றினாராம். அது சுலபமாக இருந்ததாம். எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்களாம். அவர்கள் ஆடிப்பாடிச் சந்தோஷமாக இருக்கிறார்கள். புதிய மிட்டாய்களை வொங்கா முதலில் அவர்களுக்கே கொடுத்துப் பார்க்கிறார்.

ஒரு நாள் இந்தக் கட்டத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாயி, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏண்டா, அந்த ஆளுக பொறகு தங்க ஊருக்குத் திரும்பிப் போனாங்களாடா?" என்று கேட்டார்.

நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. "அது கதையில இல்ல அப்பாயி" என்றேன். "ம்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாயி துறையூர்ப் பக்கத்திலிருந்து எட்டு வயதில் வந்தவர். மண்டபம் முகாமில் சில நாட்கள் அடைத்துவைத்து, ஊசி குத்தி, கழுத்தில் தகரத் துண்டு ஒன்றைக் கட்டிக் கப்பலேற்றியதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டில்தான் போய்ச் சேரவேண்டிய தோட்டம் குறிக்கப்பட்டிருந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்கும் கங்காணி ஊரில் வந்து சொன்ன கதையையும் சொல்லியிருக்கிறார். மலையகத்தில் அந்தக் கதை தெரியாத வீடு கிடையாது. கொக்கோ விதைக்கு ஏங்கிய மக்களுக்குக் கொக்கோ விதை, பஞ்சத்தில் கிடந்த மக்களுக்குத் தேங்காயும் மாசியும். வந்த பிறகு அரிசியைத் தோட்டமே கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கோப்பிக் காலத்தில் வந்தவர்களோ மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எல்லாரும் பத்திரமாக வந்து சேரவில்லை.

அப்பாயியின் கேள்வி என்னுள் முழுதாக இறங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக எழுதிய ஒரு கதையில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தேடினால், சார்லியின் இடத்தில் இல்லை. ஏழை வீடு, முட்டைக்கோஸ் சூப்பு, ஒரே கட்டிலில் நான்கு கிழவர்கள் என்று வாசித்து நான் என்னைச் சார்லியாகவே நினைத்திருந்தேன். அப்பாயி மட்டும் கேட்ட மாத்திரத்தில் தன் ஆட்களை அடையாளம் கண்டுகொண்டார். அவர்கள் பெட்டிக்குள் இருந்தார்கள்.

அந்தப் புத்தகம் முதலில் அமெரிக்காவில் வெளியான ஆண்டு 1964. அதே 1964 ஒக்டோபரில்தான் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை அற்றுக் கிடந்த எங்கள் மக்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் கணக்கு முடித்தன. எங்களில் யாரையும் அவர்கள் கேட்கவில்லை. அப்பாயி இஸ்தோப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இரண்டு வருடம் முன்புதான் என் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேற, தலைமன்னார் போகும் கோச்சியில் (ரயிலில்) ஏறியது. அழுகைச் சத்தத்தோடே புறப்படுவதால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களை அங்கே சிலோன்காரர் என்றார்கள். திரும்பிப் போவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டுதான் அப்பாயி கேட்டிருக்கிறார்.

இனி அந்தப் புத்தகம் திருத்தப்பட்ட கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தொடர்ந்து, 1973இல் ரோல்ட் டால் தாமே அதைத் திருத்தினார். உம்பா லும்பாக்கள் ஆப்பிரிக்கர்களாக இல்லாமல் லும்பா நாடு என்ற கற்பனை நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆனார்கள். தோல் வெள்ளையும் ரோசாவும் கலந்த நிறமாகவும், முடி பொன்பழுப்பாகவும் மாறின. 2023 பெப்ரவரியில் அவருடைய புத்தகங்களில் பதிப்பகம் நூற்றுக்கணக்கான சொற்களை மாற்றியது தெரியவந்து, உலகெங்கும் கண்டனம் எழுந்து, கடைசியில் பழைய பாடத்தையும் தொடர்ந்து அச்சிடுவதாக அறிவித்தார்கள். நாங்கள் மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்ததும் அதே 2023இல்தான்.

1973இன் திருத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதனால் ஒரு கறுப்பினப் பிள்ளை வகுப்பறையில் தலைகுனியாமல் இருக்க முடிந்தது என்றால், அந்த ஒன்றே போதும். ஆனால் என் அப்பாயியின் பேரனாகப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. நிறம் மாறியது, பெட்டி மாறவில்லை. பெட்டியில் போட்ட துளைகள் மாறவில்லை. கூலியாகக் கொக்கோ விதை, வெளியே போகாத வாழ்க்கை, மிட்டாய்ச் சோதனைக்கு உடம்பைக் கொடுப்பது, இத்தனைக்கும் நடுவில் ஓயாத பாட்டு — ஒன்றும் மாறவில்லை. கொண்டுவரப்பட்டவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது இந்தக் கதையின் எலும்பு. ஆப்பிரிக்கர் என்று எழுதியிருந்தவரையில் வாசிக்கிற பிள்ளைக்கு இது எந்த வரலாற்றிலிருந்து வந்தது என்று ஒரு நாள் பிடிபடும். ரோசா நிறம் பூசிய பிறகு அந்தத் தடமும் அழிந்துவிடுகிறது. குற்றம் தோலில் இருந்தால் தோலை மாற்றுங்கள். எலும்பில் இருந்தால் தோலை மாற்றுவது மறைப்பதுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக எங்கள் பாடசாலைக்குப் புத்தகங்கள் வந்தன. அடுக்கிவைத்துக்கொண்டிருந்த இளைய ஆசிரியை ஒருவர், பழைய சாம்போவையும் கொலிவொக் படமுள்ள இன்னொன்றையும் எடுத்துவந்து, "சேர், இதப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார். "அந்தக் காலத்தில அப்படித்தான் எழுதினாங்க டீச்சர்" என்றேன். அவர் மரியாதை குறையாமல், "அந்தக் காலத்திலயும் வாசிச்ச பிள்ளைகளுக்கு வலிச்சிருக்கும்தானே சேர்" என்றார். லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இல் எழுதியதை நான் அறிந்திருந்தும், அப்பாயி என் முகத்துக்கு நேரே கேட்டதை அனுபவித்திருந்தும், காலத்தின்மேல் பழியைப் போட என் நாக்கு எப்படித் துணிந்தது என்று வெட்கப்பட்டேன். அந்தக் காலம் என்பது எழுதியவருக்கு மட்டும் உரிய காலமாக எப்போதும் இருந்ததில்லை. எழுதப்பட்டவர்களும் அதே காலத்தில் உயிரோடுதான் இருந்தார்கள்.

அந்த இரண்டு புத்தகங்களையும் சின்னப் பிள்ளைகளின் அலுமாரியில் வைக்கவில்லை; எறியவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்குப் பாபாஜி பதிப்பின் படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். தனியாக உட்கார்ந்து படம் பார்க்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லப்போவதில்லை. என் தங்கையின் கேள்விக்கு அன்று பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையிடமிருந்து அதை ஒளிப்பதோ வேறு விதமான அநியாயம்.

பிறர் எழுதியதை மட்டும் இப்படி நிறுத்துப் பார்த்தால் என் தராசு சரியில்லை என்றாகிவிடும். பிள்ளைகள் அழுதால், "காப்பிலி வந்து புடிச்சிட்டுப் போயிருவான்" என்று எங்கள் லயத்தில் பயம் காட்டுவார்கள். அப்பாயியும் காட்டியிருக்கிறார். சுருண்ட முடி, கறுத்த உடம்பு, பிள்ளை பிடிக்கும் சாக்கு — இதுதான் அந்தக் கதையில் வருபவன். இந்தத் தீவில் ஆப்பிரிக்க வம்சத்தார் உண்மையாகவே வாழ்கிறார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கப்பலில் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் இன்றும் அவர்களுடைய குடும்பங்கள் இருக்கின்றன. முன்னோர் கொண்டுவந்த பாட்டைக் காத்து வைத்திருக்கிறார்கள். கப்பலில் கொண்டுவரப்பட்ட நாங்கள், கப்பலில் கொண்டுவரப்பட்ட அவர்களைக் காட்டி எங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறோம். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்ட தமிழ்ப் பிள்ளைகளை நான் இன்னும் மறக்கவில்லை. காப்பிலி என்ற சொல் என் வாயிலிருந்து எத்தனை முறை வந்தது என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

இந்த நாட்டுப் பிள்ளைகள் கேட்டு வளரும் இன்னொரு கதையும் உண்டு. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில், பின்னாளில் சிங்கள அரசனாகப்போகும் சிறுவன் கெமுனு படுக்கையில் சுருண்டு படுத்திருக்கிறான். ஏன் கால் நீட்டிப் படுக்கவில்லை என்று தாய் விகாரமகாதேவி கேட்கும்போது, அந்தப் பக்கம் கங்கைக்கு அப்பால் தமிழர், இந்தப் பக்கம் கடல், எப்படிக் கால் நீட்டுவேன் என்கிறான். அதே நூல்தான், கன்றை இழந்த பசு மணியடித்ததற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட நீதிமானாக, கெமுனு பிற்பாடு வென்ற தமிழ் மன்னன் எல்லாளனையும் பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் மனதில் தங்குவது சுருண்டு படுத்த சிறுவனின் படம்தான். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்து வளர்ந்த எனக்கு, கால் நீட்ட இடமில்லை என்பது யாருடைய கதை என்று அந்தப் பாடம் கேட்ட நாளிலிருந்து ஒரு குழப்பம் இருந்துவந்திருக்கிறது. அந்தக் கதையை அழிக்கச் சொல்ல மாட்டேன். சொல்லும்போது எல்லாளனின் மணியையும் கூடவே அடித்துக் காட்டுங்கள் என்றே என் சக ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். சிங்கள நண்பர்கள் இருவர் அப்படியே செய்துவருகிறார்கள்.

சென்ற ஏப்ரல் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து என் பேத்தி வந்திருந்தாள். பத்து வயது. கையில் சார்லி கதையின் புதிய பதிப்பு, 1973இல் திருத்திய பாடம் கொண்டது. நான் தேயிலைப் பெட்டியைத் திறந்து பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தோம். அவள் தன் பதிப்பை ஒரு பக்கம் வாசிப்பாள், நான் என்னுடையதில் அதே பக்கத்தை வாசிப்பேன். நிறம் மாறிய இடத்தை அவளே கண்டுபிடித்தாள். துளையிட்ட பெட்டி இரண்டிலும் இருப்பதையும் அவளே கண்டுபிடித்தாள். அப்போது அப்பாயியின் தகரத் துண்டைப் பற்றிச் சொன்னேன். அது எங்கே என்று கேட்டாள். அப்பாயி வாழ்ந்த காலத்திலேயே அது தொலைந்துவிட்டது.

மேலே மிதக்கவைக்கும் ஒரு பானத்தை வொங்கா ஒரு கிழட்டு உம்பா லும்பாவுக்குக் குடிக்கக் கொடுத்த கட்டம் வந்தது. அவர் மேலே மேலே போய்க் கண்ணுக்கு மறைந்துவிடுகிறார். ஏப்பம் விட்டிருந்தால் இறங்கியிருப்பார், விடவில்லை. என் காலத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. பேத்தி சிரிக்கவில்லை. "அவரு பேரு என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

இரண்டு பதிப்புகளிலும் தேடிப் பார்த்தோம். இரண்டிலும் பெயர் இல்லை. அவள் பென்சிலை எடுத்து, புதிய பதிப்பின் ஓரத்தில் சிறிதாக ஒரு பெயரை எழுதினாள். பழையதிலும் எழுதலாமா என்று கேட்டாள். பங்களாவிலிருந்து வந்த நாள் முதல் அந்தப் புத்தகத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. நான் பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.